‘இயற்கை’ முடி எண்ணெய்: புட்டி சொல்வதைச் சோதிப்பது எப்படி?

முடி உதிர்வதை எண்ணிக் கவலைப்படுவோருக்கு இன்று எண்ணெய்க்குக் குறைவே இல்லை. இரவுச் சந்தையில் ஒன்று, பாரிட் புந்தார் கடைத்தெருவில் ஒன்று, பிள்ளைகள் புலனத்தில் அனுப்பும் காணொளியில் இன்னொன்று. எல்லாப் புட்டிகளிலும் ஒரு பச்சை இலைப் படம் இருக்கும். ‘100 விழுக்காடு இயற்கை’ என்ற வரி இருக்கும். சிலவற்றின் விலையைக் கேட்டால் ஒரு வாரத்துச் சந்தைச் செலவு நினைவுக்கு வரும்.

பண்டார் பாரு வட்டாரப் பெரியவர்களுக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பது புதிய பழக்கமல்ல. தோட்டத்து லயங்களில் தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலையும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சியதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நீங்களே காய்ச்சியும் இருப்பீர்கள். அந்த எண்ணெய்க்கு எதிராக இந்தப் பாடத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதை யாரும் உங்களிடம் ‘ஆறு வாரத்தில் முடி வளரும்’ என்று சொல்லி விற்கவில்லை. நாம் இங்கே சோதிக்கப் போவது எண்ணெயை அல்ல, அதன் மேல் எழுதியிருக்கும் வாக்குறுதியை.

திருச்சூரில் ஒருவர் கேட்ட கேள்வி

கேரளாவின் திருச்சூர் மாவட்டத்தில் ஒருவர் 2012-ஆம் ஆண்டு தாத்ரி என்ற ஆயுர்வேத முடிக் களிம்பை 376 ரூபாய்க்கு வாங்கினார். ஆறு வாரத்தில் முடி வளரும் என்று விளம்பரம் சொன்னது. விளம்பரத்தில் நடித்தவர் மலையாள நடிகர் அனூப் மேனன். களிம்பைத் தடவினார், முடி வளரவில்லை. நம்மில் பெரும்பாலோர் அந்த இடத்தில் ‘போகட்டும்’ என்று விட்டுவிடுவோம். அவர் பயனீட்டாளர் நீதிமன்றத்துக்குப் போனார்.

வழக்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. விசாரணையில் அந்த நடிகர், தாம் இந்தக் களிம்பைப் பயன்படுத்தியதில்லை, தம் தாயார் காய்ச்சித் தரும் எண்ணெயைத்தான் பயன்படுத்துவதாகச் சொன்னார். மாவட்டப் பயனீட்டாளர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2020-ஆம் ஆண்டு இறுதியில் வந்தது. நிறுவனமும் நடிகரும் ஆளுக்கு 10,000 ரூபாயும், விற்ற கடை 3,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்றது அது.

தொகை சிறியதுதான். ஆனால் அந்த மனிதர் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். ‘இது இயற்கையானதா?’ என்று அவர் கேட்கவில்லை. ‘ஆறு வாரத்தில் என்ன நடக்கும் என்று சொன்னீர்கள், என்ன நடந்தது?’ என்றுதான் கேட்டார். ‘இயற்கை’ என்ற சொல்லை யாராலும் அளக்க முடியாது. ‘ஆறு வாரம்’ என்பதை அளக்க முடியும். இந்தப் பாடம் முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டைத்தான் பின்தொடர்கிறது.

முடி தன் போக்கில் என்ன செய்கிறது?

வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. நகத்தைப் போல அதுவும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், வேரில் இருக்கிறது. முடி மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, பிறகு இரண்டு மூன்று மாதங்கள் ஓய்வெடுத்து, உதிர்ந்து, அதே வேரிலிருந்து மறுபடி முளைக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு.

ஆறு வாரத்தில் ஒரு முடி வளரக்கூடிய நீளம் ஒன்றரை சென்டிமீட்டர்தான். ஓய்வில் இருக்கும் வேர் விழித்துக்கொள்ளவே அதைவிடக் கூடுதல் காலம் ஆகும். எனவே எந்த எண்ணெயும் ஆறு வாரத்தில் வழுக்கையை மூடிக் காட்ட வழியில்லை.

இன்னொன்றும் நடக்கிறது, ஏமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. கடும் காய்ச்சல், டிங்கி, அறுவைச் சிகிச்சை, பெரும் துயரம், வேகமான எடைக்குறைவு போன்றவற்றுக்குப் பிறகு உடல் பல வேர்களை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக வரும். பயந்துபோய் எண்ணெய் வாங்குகிறோம். ஆனால் இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் தானே நின்று, முடி மீண்டும் வளரும். எண்ணெய் தடவிய மாதத்திலேயே உதிர்வு குறைகிறது. பெயர் எண்ணெய்க்குப் போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுதான். ‘எனக்குப் பலித்தது’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. தடவாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பார்க்க அவருக்கு வழியில்லை, அவ்வளவுதான்.

ஆராய்ச்சியாளர்கள் பார்த்தது என்ன?

அதனால்தான் முறையான சோதனையில் எப்போதும் ஒப்பிட இன்னொரு பக்கம் இருக்கும். இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறோம். இரண்டும் நம் வீட்டுச் சமையலறைப் பொருள்கள்.

முதலாவது தேங்காய் எண்ணெய். மும்பையில் ரேலே, மொஹிலே என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவி, கழுவும்போதும் சீவும்போதும் எவ்வளவு புரதம் வெளியேறுகிறது என்று அளந்து 2003-இல் வெளியிட்டார்கள். மூன்றில் தேங்காய் எண்ணெய் மட்டுமே புரத இழப்பைக் குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் புகக்கூடியது என்று அவர்கள் விளக்கினார்கள். பாட்டிமார் சொன்னது வீண்போகவில்லை! ஆனால் அந்த ஆராய்ச்சி நடந்தது தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தில் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் முடிவு பொய்யாகிவிடாது. யார் சோதித்தார் என்று கேட்பது நல்ல பழக்கம். மேலும், இது முடித்தண்டைக் காப்பது பற்றிய முடிவு. வேரிலிருந்து புதிய முடி முளைத்தது என்று அவர்கள் சொல்லவில்லை.

இரண்டாவது வெங்காயச் சாறு. ஈராக்கின் பாக்தாத் நகரில் புழுவெட்டு உள்ளவர்களிடம் சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். 23 பேர் வெங்காயச் சாற்றை நாளுக்கு இருமுறை தடவினார்கள், 15 பேர் வெறும் குழாய்த் தண்ணீரைத் தடவினார்கள். ஆறு வாரத்தில் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு முடி வளர்ந்தது. தண்ணீர் தடவியவர்களில் எட்டு வாரத்தில் 2 பேருக்கு வளர்ந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இன்று விற்கும் வெங்காய எண்ணெய்கள் பலவற்றுக்கும் இந்தச் சோதனையே வேர்.

ஆனால் புழுவெட்டு என்பது உடலின் எதிர்ப்பாற்றலே முடிவேரைத் தாக்குவதால் வட்ட வட்டமாக முடி கொட்டும் நோய். அது பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். சோதித்தவர்கள் 38 பேர்தான். வெங்காயத்தின் வாடை யாருக்கு எது கிடைத்தது என்பதையும் காட்டிக் கொடுத்துவிடும். வயதாக ஆக உச்சியிலும் நெற்றியிலும் முடி மெலிவது முற்றிலும் வேறு காரணத்தால். ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றொன்றுக்கு ஒட்டி விற்கிறார்கள்.

வயதால் மெலியும் முடிக்கு நல்ல சான்றுள்ள மேல்பூச்சு மருந்து மினாக்சிடில். அதற்கும் குறைந்தது நான்கு மாதப் பொறுமை வேண்டும், நிறுத்தினால் பலனும் போய்விடும். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

புட்டியைக் கையில் எடுங்கள்

எழுத்து மிகச் சிறியதாக இருக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் எண்ணைத் தேடுங்கள். மலேசியாவில் விற்கும் அழகுப்பொருள் ஒவ்வொன்றையும் நிறுவனம், சுகாதார அமைச்சின் கீழ் உள்ள தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவித்திருக்க வேண்டும். அவ்வாறு அறிவித்த பொருளுக்கு ‘நோட்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எண் உண்டு. மருந்தாகப் பதிவு பெற்ற பொருளுக்கு ‘மால்’ என்று தொடங்கும் எண். பாரம்பரிய மருந்தானால் அந்த எண்ணின் இறுதியில் ‘டி’ என்ற எழுத்து இருக்கும். வாயால் உட்கொள்ளும் முடி வளர்ச்சி மாத்திரை, லேகியம், கஷாயம் எதுவானாலும் ‘மால்’ எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை அமைச்சு பலமுறை கண்டறிந்திருக்கிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அது பெரிய ஆபத்து.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘நோட்’ எண் இருந்தால் ‘அரசாங்கம் சோதித்து, பலிக்கும் என்று ஒப்புக்கொண்டது’ என்று பொருளாகாது. இன்ன பொருளை இன்ன நிறுவனம் விற்கிறது, அதற்கு அந்நிறுவனமே பொறுப்பு என்பதுதான் அதன் பொருள். விற்பவர் அந்த எண்ணைச் சான்றிதழ் போலக் காட்டினால் நம்ப வேண்டாம்.

அடுத்து வாக்குறுதியைப் படியுங்கள். ஆசியான் நாடுகள் சேர்ந்து வகுத்த அழகுப்பொருள் வழிகாட்டி, முடிக்கான அழகுப்பொருள்கள் சொல்லக்கூடாத சிலவற்றைப் பட்டியலிடுகிறது. முடி வளர்ச்சியைத் தூண்டும், முடி உதிர்வை நிறுத்தும் அல்லது மீட்கும், முடியின் உயிரணுக்களை மீட்டெடுக்கும், பொடுகை நிரந்தரமாக ஒழிக்கும் ஆகியவை அதில் அடங்கும். ‘நோட்’ எண்ணுள்ள ஒரு புட்டி ‘முடி வளரும்’ என்று சொன்னால், தனக்கு உரிமையில்லாத ஒன்றைச் சொல்கிறது. மென்மை, பளபளப்பு, முடி உடைவதைக் குறைப்பது ஆகியவற்றை அது சொல்லலாம்.

மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்கள் கண்ணில் இன்னொன்றும் படும். ஒரே புட்டியில் மூன்று மொழிகள் இருந்தால் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மலாய் வரியில் ‘மெம்பந்து’, அதாவது ‘உதவும்’, என்ற சொல் அடக்கமாக நிற்கும். தமிழ் ஒட்டுத்தாளில் அந்த ‘உதவும்’ காணாமல் போய், ‘உதிர்வு அடியோடு நிற்கும்’ என்று ஆகியிருக்கும். அதிகாரிகள் தமிழ் படிக்க மாட்டார்கள் என்ற துணிச்சலோ என்னவோ!

பிறகு உள்ளடக்கப் பட்டியல். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும். 1 விழுக்காட்டுக்கும் குறைவானவை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். செடிகளுக்கு அறிவியல் பெயர்தான் போட்டிருக்கும். ‘கோகோஸ் நுசிஃபெரா’ என்றால் தேங்காய். ‘எக்லிப்டா’ என்றால் கரிசலாங்கண்ணி. ‘ஃபில்லாந்தஸ் எம்ப்லிகா’ நம் நெல்லிக்காய். ‘பாராஃபினம் லிக்விடம்’ என்பது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில். முகப்பில் நெல்லிக்காய்ப் படம் போட்ட புட்டியின் பட்டியலில் முதல் பெயர் பாராஃபினம் ஆகவும், நெல்லி கடைசி வரியிலும் இருந்தால், நீங்கள் எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். மினரல் ஆயில் நஞ்சல்ல. விலைதான் பொருந்தவில்லை.

வீட்டில் செய்து பாருங்கள்

பளபளப்பு, மென்மை என்று சொல்லும் எண்ணெயானால் சோதிப்பது எளிது. ஒரே மாதிரியான இரண்டு சிறு புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் விலை உயர்ந்த எண்ணெய், மற்றதில் சாதாரணத் தேங்காய் எண்ணெய். எது எதில் என்பது ஊற்றிய பேரப்பிள்ளைக்கு மட்டும் தெரியட்டும். புட்டியில் 1, 2 என்று மட்டும் எழுதட்டும். இரண்டு வாரம் தலையின் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 2. பிறகு வீட்டில் வேறு ஒருவரை, எந்தப் பக்கம் என்ன என்று சொல்லாமல், இரு பக்கமும் சீவிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வாசனை காட்டிக் கொடுக்காதிருக்க, தலை குளித்து முடி காய்ந்த பிறகு கேளுங்கள். விலையும் படமும் கண்ணை விட்டு மறைந்ததும் பல எண்ணெய்கள் ஒன்றுபோலத்தான் தோன்றும். உண்மையிலேயே ஒன்று சிறப்பாக இருந்தால் அதுவும் தெரிந்துவிடும், மகிழ்ச்சியாக வாங்குங்கள்.

உதிர்வைக் குறைக்கும் என்று சொல்வதைச் சோதிக்கச் சற்று நாளாகும். அமெரிக்காவின் தோல் மருத்துவர்கள் சிலர் 2008-இல் எளிய ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒரு நிமிடம் தலையைச் சீவி, விழுந்த முடியை எண்ணுவதுதான் அது. முடிக்குறை இல்லாத ஆண்களுக்குச் சராசரியாகப் 10 முடி விழுந்தது. அதை நம் தேவைக்கு இப்படிச் செய்யலாம்:

தலை குளிப்பதற்கு முன், ஒரு துணியை விரித்து அதன் மேல் குனிந்து, உச்சியிலிருந்து முன்புறமாகக் கடிகாரம் பார்த்து 60 விநாடி சீவுங்கள். நரைத்த முடிக்குக் கறுப்புத் துணி, கறுத்த முடிக்கு வெள்ளைத் துணி. எண்ணி நாட்காட்டியில் குறியுங்கள். எப்போதும் அதே சீப்பு, குளித்து அதே எண்ணிக்கை நாள் கழித்து. நேற்றுக் குளித்தவருக்கும் நான்கு நாள் முன் குளித்தவருக்கும் எண்ணிக்கை மாறும்.

எண்ணெயைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு மாதம், வாரம் ஒருமுறை எண்ணுங்கள். பலரும் தவறவிடும் படி இதுதான். முந்தைய கணக்கு இல்லாமல் பிந்தைய கணக்குக்கு மதிப்பில்லை. பிறகு எண்ணெய் தடவி மூன்று மாதம் எண்ணுங்கள். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், ஈரமில்லாத தலையின் வகிட்டைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இந்தக் காலத்தில் ஷாம்பு, சாப்பாடு, மாத்திரை எதையும் புதிதாக மாற்ற வேண்டாம். மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாமல் போகும். மருத்துவர் மாற்றினால் அது வேறு. அதை நாட்காட்டியில் எழுதுங்கள். 10 என்ற எண்ணோடு உங்களை ஒப்பிட வேண்டாம். உங்கள் எண்ணை உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

எந்தச் சோதனைக்கும் முன், எண்ணெயை முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி இரண்டு நாள் பாருங்கள். இயற்கைப் பொருளுக்கும் ஒவ்வாமை வரும். டீ ட்ரீ எண்ணெய் அதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு.

கறுப்பு மருதாணி பற்றித் தனியாக

நரைக்குச் சாயம் பூசுகிறவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். மருதாணி இலை கொடுக்கும் நிறம் செம்மை கலந்த ஆரஞ்சு. தனி மருதாணி ஒருபோதும் கறுப்பாக்காது. ‘இயற்கைக் கறுப்பு மருதாணி’ என்று விற்கும் தூள் அரை மணி நேரத்தில் முடியைக் கருகருவென்று ஆக்கினால், அதில் வேறு ஏதோ இருக்கிறது. அவுரி இலையாக இருக்கலாம். பெரும்பாலும் பாரா-ஃபினைலின்டையமின், சுருக்கமாகப் பிபிடி, என்ற வேதிப்பொருளாக இருக்கும்.

பிபிடி முடிச்சாயங்களில் அளவோடு அனுமதிக்கப்பட்ட ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் கலந்த பிறகு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. சிக்கல் என்னவென்றால், பெயரில்லாத பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிலருக்கு அது கடும் ஒவ்வாமையைத் தரும்: நெற்றியும் காதோரமும் அரித்து, சிவந்து, நீர் வடிந்து, கண் இமை வீங்கிவிடும். பல ஆண்டுகள் ஒன்றும் ஆகாமல் பூசியவருக்கும் திடீரென்று வரலாம். திருமண வீட்டில் கையில் கறுப்பு மருதாணி போட்டுக் கொப்புளம் வந்தவர்கள் கறுப்புச் சாயத்தைத் தலையில் வைக்கவே கூடாது. முகம் வீங்கினாலோ மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ தலையை நிறையத் தண்ணீரில் அலசிவிட்டு உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

எண்ணெயை வைத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போக வேண்டியது எப்போது?

முடி உதிர்வு சில நேரம் வேறு நோயின் அறிகுறி. தைராய்டு குறைவு, இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு, தலையில் பூஞ்சைத் தொற்று, இரத்தம் உறையாதிருக்கத் தரும் வார்ஃபரின் போன்ற சில மருந்துகள் ஆகியவை முடியைக் கொட்டவைக்கும். முடியோடு சேர்ந்து களைப்பு, குளிர் தாங்காமை, காரணமில்லாமல் எடை கூடுவது அல்லது குறைவது இருந்தாலும், வட்டமாகக் கொட்டினாலும், தலைத்தோல் சிவந்து வலித்தாலும், சீழ் வைத்தாலும், மூன்று மாத எண்ணெய்ச் சோதனைக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிக்கு மேல் இல்லை. மருந்தால் உதிர்கிறது என்று சந்தேகம் வந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

போகும்போது நீங்கள் தடவும் எண்ணெய், சாப்பிடும் லேகியம், பூசும் சாயம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கிளினிக்கின் மருந்தகத்தில் உள்ள மருந்தாளுநரிடம் ‘நோட்’, ‘மால்’ எண்ணைக் காட்டினால், அது பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். எண் இல்லாத பொருளையோ, ஒவ்வாமை தந்த பொருளையோ பற்றிய புகாரையும் அவரிடம் சொல்லலாம்.

வாங்கிய பொருள் சொன்னபடி இல்லை என்றால், திருச்சூர்க்காரர் போனதைப் போல நமக்கும் ஓர் இடம் இருக்கிறது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். அதற்கு ரசீது, புட்டி, விளம்பரத்தின் படம் மூன்றும் வேண்டும். காணொளி விளம்பரம் நாளைக்கே அழிக்கப்படலாம். ஆகவே எண்ணெய் வாங்கும் அன்றே அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். தடவத் தொடங்கிய தேதியைப் புட்டியின் அடியில் பேனாவால் எழுதிவிடுங்கள்.